ஓடிக்கொண்டிருந்த பெட்டி

கோவில்பட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வீடியோ கேம் பெட்டியை, தொடர்ந்து ஓட்டுவேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கி வந்து, அறுத்துக் காலி செய்தவன் நான். அதன் போர்டையும் பிக்சர் டியூபையும் காயலான் கடையில் போட்டேன். பெட்டியைக் கொடுத்த அண்ணாச்சியிடம் அது ஓடுகிறது என்றே பல வருஷம் சொல்லிவந்தேன். காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிகளை வீட்டில் செய்யும் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு இருக்கும் நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கும் இது தெரியாது. அதை வைத்து நான் செய்த ஆர்கேட் பெட்டியைப் பார்த்துப் பாராட்டியவர்கள் எல்லாரிடமும் புது பிளைவுட் வாங்கிச் செய்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சியின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் அங்கே போய் நிற்போம். அங்கிருந்த பெட்டி ஜப்பானிலிருந்து வந்ததல்ல. உள்ளூர் ஆசாரி பிளைவுட்டில் அடித்து, மேலே நீலச் சன்மைகா ஒட்டிக் கொடுத்தது. திரைக்கு டிவியின் பிக்சர் டியூபையே போட்டிருந்தார்கள். ஆர்கேட் போர்டுகள் அனுப்பும் படத்தின் வரி வேகமும் பழைய டிவியின் வரி வேகமும் ஒன்றுதான், இரண்டும் ஏறத்தாழ 15.6 கிலோஹெர்ட்ஸ். அதனால் சாதாரண டிவி மெக்கானிக்கே டியூனரைத் தாண்டி, சிவப்பு பச்சை நீலச் சிக்னல்களை நேராக டியூபை இயக்கும் சர்க்யூட்டுக்குக் கொடுத்து வேலையை முடித்துவிடுவார். ஊர் ஊராக இப்படித்தான் பெட்டிகள் உருவாயின.

காயின் போடும் துவாரமும் அதில் இல்லை. ஆர்கேட் போர்டுக்குக் காயின் என்பது ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். அந்தக் கம்பியைக் கிரவுண்டோடு ஒரு கணம் தொட வைத்தால் ஒரு கிரெடிட் ஏறும். அண்ணாச்சி வீட்டு வாசலில் மாட்டும் காலிங் பெல் ஸ்விட்ச் ஒன்றை நீளமான வயரில் கட்டி, தன் மேஜைக்குக் கொண்டுபோயிருந்தார். காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே பெல்லை அமுக்குவார். திரையில் கிரெடிட் ஒன்று கூடும். பரீட்சை முடிந்த நாளில் கேட்காமலே இன்னொரு அமுக்கு அமுக்குவார்.

ஓடிய கேம் முஸ்தபா. கேப்காம் கம்பெனி 1993இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பதுதான் அதன் நிஜப் பெயர். மார்க் ஷூல்ட்ஸ் என்ற அமெரிக்கர் எழுதி வரைந்த காமிக்ஸை வைத்து எடுத்தது. அதில் வரும் நான்கு பேரில் தொப்பி போட்ட ஒருவன் பெயர் முஸ்தபா. இந்தியாவில் எத்தனையோ ஊர்களில் அந்தக் கேமுக்கே அவன் பெயர் வந்துவிட்டது. கேப்காமின் அசல் போர்டில் ஒலிக்கான பிராசஸர் பூட்டுப் போட்டது. அதைத் திறக்கும் சாவி ஒரு பேட்டரியின் தயவில் நினைவில் நிற்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி போய்விடும். நகல் போர்டு செய்தவர்கள் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டாமல், ஒலிப் பகுதியையே தூக்கிவிட்டு மலிவான வேறு சிப்பைப் போட்டார்கள். இதனால் நகல் போர்டில் இசை கரகரக்கும், சில சத்தங்கள் வேறு மாதிரி இருக்கும், சில வராமலே போகும். அண்ணாச்சி கடையில் ஓடியது நகல் போர்டு. நாங்கள் காதில் வாங்கி வளர்ந்தது அந்தக் கரகரப்பைத்தான்.

2015 வாக்கில், கடையை மூடப்போகிறார் என்று தெரிந்து சென்னையிலிருந்து போனேன். வீடியோ கேம் ஆட வருபவர் யாருமில்லை. வாசலில் செல்போன் ரீசார்ஜ் போர்டு தொங்கியது. மூலையில் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"தினம் ஒரு மணி நேரம் போட்டு வச்சிருவேன் தம்பி. சும்மா கெடந்தா எலி வயரக் கடிச்சிரும், டியூப்பும் வீணாப்போயிரும்" என்றார்.

மதுரையிலிருந்து ஒருவர் வந்து கூடுதல் விலைக்குக் கேட்டாராம். உள்ளே இருப்பதைப் பிரித்து விற்பதற்கு என்று அவரே சொல்லிவிட்டதால் அண்ணாச்சி கொடுக்கவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஓட்டுவீங்கள்லா?" நான் ஓட்டுவேன் என்றேன். அந்த நேரத்தில் மனதார நம்பித்தான் சொன்னேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. விலை குறைய வேண்டும் என்ற நினைப்பும் அந்தப் பதிலுக்குள் இருந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பெட்டி சென்னைக்கு வந்தது. முதல் வாரம் ஓட்டினேன். அதற்குள் ஆசை வேறு பக்கம் திரும்பிவிட்டது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் 2012இல் வந்த பிறகு, வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி செய்கிற பழக்கம் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அதில் ரெட்ரோபை என்ற மென்பொருளை ஏற்றினால் ஆயிரக்கணக்கான கேம்களை ஒரே பெட்டியில் ஆடலாம். ஒரே ஒரு கேம் ஓடும் பெட்டி எனக்குப் போதாமல் போயிற்று.

இந்த இடத்தில் நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. பழைய ஆர்கேட் போர்டுகளுக்கு ஜாமா என்றொரு பொதுத்தரம் உண்டு. 1985இல் ஜப்பானில் வந்தது. 56 முனைகள் கொண்ட ஒரே கனெக்டரில் கரன்ட், படம், ஒலி, ஜாய்ஸ்டிக், பட்டன், காயின் என எல்லாம் போய்விடும். அண்ணாச்சியின் பெட்டியிலும் அதே வயரிங்தான். போர்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அந்தக் கனெக்டரில் ஜே-பேக் மாதிரியான ஓர் இடைப்பலகையைச் செருகினால் போதும். கம்ப்யூட்டர் அதே பிக்சர் டியூபில், அதே ஜாய்ஸ்டிக்கோடு ஓடும். ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் பழைய போர்டை மாட்டி முஸ்தபாவுக்குத் திரும்பலாம். இதையெல்லாம் நான் வரி வரியாகப் படித்திருந்தேன். அந்தப் பலகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பணமும் கொஞ்சம் கூடுதல். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைப் பிரிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிங் பிளேயரை எடுத்து ஹார்னஸ் என்ற அந்த வயர்க் கட்டை வெட்டினேன்.

அமெரிக்காவில் அட்டாரி, நின்டெண்டோ பெட்டிகளை வெட்டி, பழைய போர்டைப் போலவே கம்ப்யூட்டரை நடக்கவைக்கும் எமுலேட்டர் பெட்டியாக மாற்றுபவர்கள் மீது சேகரிப்பாளர்களுக்கு எவ்வளவு கோபம் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வது நியாயம் என்றே நினைத்தேன். ஆனால் அது என்னைக் கட்டுப்படுத்தாது என்று எனக்கு நானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அவை கம்பெனி செய்த அசல் பெட்டிகள். இதுவோ ஆசாரி அடித்த பெட்டி, டூப்ளிகேட் போர்டு, டிவி டியூப். இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது?

என் தவறுகளில் மிகப் பெரியது இந்த நினைப்புதான். கட்டிங் பிளேயர்கூட இதற்குப் பிறகு வந்ததுதான். கேப்காமின் அசல் போர்டைப் பாதுகாக்க ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். செத்த பேட்டரிக்கு வைத்தியம் பார்த்து, போன சாவியைத் திரும்ப எழுதி உயிர் கொடுக்கிறார்கள். கோவில்பட்டி ஆசாரியின் பெட்டிக்கு உலகத்தில் இருந்த பாதுகாப்பு அண்ணாச்சி ஒருவர்தான். அவர் அதை என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

பின்கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியின் பின்கதவைக் கழற்றியபோது உள்பக்கம் முழுக்க பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. அண்ணாச்சியின் கையெழுத்து, சாய்ந்து நெருக்கமாக. எந்தத் தேதியில் எந்தப் பட்டனின் ஸ்விட்சை மாற்றினார், பவர் சப்ளை எப்போது போனது, எந்த மெக்கானிக் வந்தார், எவ்வளவு கேட்டார், எவ்வளவு கொடுத்தார் என்று வருஷக்கணக்கில் எழுதிவந்த குறிப்பு. 'ஜம்ப் ஸ்விட்ச் மாத்தியது' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. அடிக்கும் பட்டனைவிடத் தாவும் பட்டன்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது. ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் வளையம் போன இடத்தில், சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தார். அதற்கும் தேதி இருந்தது. நான் அதை உட்கார்ந்து படித்தேன். சுவையாகத்தான் இருந்தது. ஒரு போட்டோகூட எடுக்காமல், உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, கறுப்பு பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். உள்பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

முன்பலகையும் போயிற்று. பட்டன்களைச் சுற்றி உள்ளங்கை பட்டுப் பட்டுச் சன்மைகாவின் நீலம் வெளுத்து, அடியில் இருந்த பழுப்பு தெரிந்தது. அதில் என் உள்ளங்கையும் உண்டு. ஜிக்சாவை வைத்து அதை அறுத்தெடுத்துவிட்டு, புதுப் பலகை செய்தேன். இரண்டு ஜப்பான் ஜாய்ஸ்டிக், ஆளுக்கு ஆறு பட்டன், எல்லாம் 30 மில்லிமீட்டர் துளை. நடுவில் 'சென்டிபீட்' ஆட டிராக்பால், ஓரத்தில் 'ஆர்கனாய்ட்' ஆட ஒரு திருகு. கம்ப்யூட்டரோடு இணைக்க ஆர்டுயினோ லியோனார்டோவில் நானே புரோகிராம் எழுதினேன். மைக்ரோஸ்விட்சின் தகடு ஒரு தடவை அமுக்கும்போதே சில மில்லி செகண்டுக்குள் பலமுறை துள்ளித் தொடும். அதை ஒரே அமுக்காகக் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லாப் பட்டனின் கிரவுண்டையும் ஒரே வயரில் கோத்து, ஒவ்வொரு முனையிலும் கிளிப் அடித்து, வயர்களை நிறம் பிரித்துக் கட்டினேன். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு கட்டுப்பாட்டுப் பலகையை முழுதாகச் செய்து, முதல் பட்டனை அமுக்கியதும் திரையில் ஏதோ ஒன்று அசைவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அண்ணாச்சியின் பெட்டி தேவையே இல்லை. ஒரு பிளைவுட் ஷீட்டில் கிடைத்திருக்கும்.

பிக்சர் டியூப் இருந்த இடத்தில் எல்சிடி மானிட்டர் வைத்தேன். முஸ்தபாவின் படம் 384க்கு 224 புள்ளிகள். நாலுக்கு மூன்று அளவுள்ள வளைந்த கண்ணாடியில் வரிவரியாகத் தெரிய வேண்டும் என்று வரைந்தது. தட்டைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் கட்டம் கட்டமாகத் துருத்தியது. வேகமும் இடித்தது. நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி செகண்ட். கம்ப்யூட்டர் கொஞ்சம், திரை கொஞ்சம் என்று தாமதிக்க, நான் தாவச் சொன்னதற்குப் பிறகு முஸ்தபா தாவினான். ஒலியோ கேப்காமின் அசல் ஒலி, துல்லியமாக வந்தது. அதைக் கேட்டபோதுதான் என்ன போயிற்று என்று முதன்முதலாகப் புரிந்தது. அந்த ஒலி எனக்கு அந்நியமாக இருந்தது.

அதற்குள் போர்டு காயலான் கடைக்குப் போய்விட்டது. வீட்டில் இடம் இல்லை என்று ஒரு சாக்குப் பையில் போர்டு, பவர் சப்ளை, வெட்டிய ஹார்னஸ் எல்லாவற்றையும் போட்டு, டியூபையும் சேர்த்து, எடைக்குக் கொடுத்தேன். போர்டின் சிப்கள் மேல் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. இந்த வகைச் சிப்புக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியே புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியது அழியும் என்பதால் ஒட்டுவது. அந்த ஸ்டிக்கர்களில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. எந்த வகை நகல் என்று பார்க்கவில்லை. சிப்பைப் படிக்கிற கருவியும் அப்போது என்னிடம் இருந்தது.

நான் பயன்படுத்திய எமுலேட்டர் மேம். இத்தாலிக்காரரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரி 5 அன்று அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். மேமுக்காக உழைத்தவர்கள் கேம் ஆடுவதைத் தங்கள் முதல் நோக்கமாக வைக்கவில்லை. போர்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, அவை எப்படி வேலை செய்தன என்பதை எழுதி வைத்துவிட வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். அசல் போர்டுகளோடு நகல் போர்டுகளையும் அதே அக்கறையோடு பட்டியலில் சேர்க்கிறார்கள். சில நகல் போர்டுகளில் ஒலிக்கான சிப் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும், அதனால் மேமில் படம் ஓடும், ஒலி வராது. நிஜப் போர்டு ஒன்று கையில் இருந்தால்தான் அதன் ஒலியைப் பதிவாவது செய்து வைக்க முடியும். ஓடிக்கொண்டிருந்த ஒரு போர்டை வைத்திருந்த நான், 'எல்லாம் மேமில் இருக்கிறதே' என்று சொல்லித் தூக்கிப் போட்டேன். காப்பாற்றுவதற்காக எழுதப்பட்ட ஒன்றை அழிப்பதற்குச் சாக்காக்கினேன்.

அண்ணாச்சி பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வார். நலம் விசாரித்துவிட்டு, "பெட்டி ஓடுதா தம்பி?" என்பார். "ஓடுது அண்ணாச்சி" என்பேன். முதல் தடவை சொன்னபோது, பெட்டி என்று பார்த்தால் ஓடத்தானே செய்கிறது என்று ஒரு சமாதானம் இருந்தது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. வாய் பழகிவிட்டது. ஒருமுறை மகள் வீட்டுக்குச் சென்னை வந்தவர், பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து பெட்டியைக் காட்டலாமா என்று கேட்டார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். யாரிடம் என்று கேட்டார். ஒரு பெயரை இட்டுக்கட்டிச் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவரிடமிருந்து பஸ் பார்சலில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. தினத்தந்தி தாளில் சுற்றிய மைக்ரோஸ்விட்சுகள், ஜாய்ஸ்டிக்குக்கு ஸ்பிரிங், அதன் தலையில் மாட்டும் சிவப்பு உருண்டை, ஒரு துண்டுச் சைக்கிள் டியூப். ரிப்பேர் என்று சொன்னீர்களே, மெக்கானிக் கேட்டால் கொடுங்கள், இந்தச் சாமான் இப்போது கிடைக்காது என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தார். அதே சாய்ந்த கையெழுத்து.

அப்போதும் உடனே போன் செய்துவிடவில்லை. அட்டைப்பெட்டியைப் பரணில் ஏற்றினேன். அடுத்த பொங்கலுக்கு அவர் கூப்பிட்டு, "சாமான் வந்துச்சா, சரியாப் பொருந்துச்சா?" என்று கேட்டபோது பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கடைக்காரர் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"போர்ட எவ்வளவுக்குப் போட்டீங்க?"

சொன்னேன்.

"எடைக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

"டியூப்பு?"

"அதுவும்தான்."

"கதவுல எழுதியிருந்தேனே."

"பெயின்ட் அடிச்சிட்டேன்."

கொஞ்சம் பொறுத்து, "மதுரைக்காரன் கூடக் கொடுத்தான் தம்பி. அவன் பிரிச்சிருந்தாலும், போர்டு வேற எங்கயாவது ஓடியிருக்கும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

சாத்தூரில் அவருடைய மச்சானும் அந்தக் காலத்தில் கடை வைத்திருந்தார். அங்கே ஓடிய முஸ்தபா போர்டு இன்னும் அவர் வீட்டில் இருக்கிறதாம். இரண்டு போர்டையும் ஒரே ஆள்தான் கொண்டுவந்து கொடுத்தது, இரண்டும் ஒரே சத்தம்தான் என்றார் அண்ணாச்சி. நான் வாயைத் திறப்பதற்குள், "அத உங்களுக்குத் தர மாட்டேன்" என்றார். கேட்டிருக்கவும் மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் கேட்டிருப்பேன்.

அவர் அனுப்பிய சாமான்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் இன்னொருவர், சிப் படிப்பதில் என்னைவிடக் கைதேர்ந்தவர், சாத்தூர் போய்ப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டார், இதில் எழுதியிருப்பதை அப்படியே அவரிடமும் சொன்னேன். போர்டை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம், அவர்கள் கண்முன்னாலேயே சிப்பைக் கழற்றிப் படித்து, திரும்பப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, ஒலியைப் பதிவுசெய்துகொண்டு வந்தால் போதும் என்றேன். என் பெயரை மறைக்காமல், நான் அனுப்பித்தான் வந்ததாகச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். அவர் போன் செய்து பேசியிருக்கிறார். அண்ணாச்சி இன்னும் சம்மதிக்கவில்லை.